ஊரிகே என்று சொன்னேன்

அன்று காலை என் நிலத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரம் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். என் மனைவி எஸ்தர். தெலுங்குத் தெரு லட்சம்மா, இடுப்பில் ஒரு குடம். அவளுக்குப் பின்னால் தமிழ்த் தெரு ஜெயா, இரண்டு குடம். ஜெயாவின் பின்னாலேயே வந்த வெள்ளாடு. அப்புறம் என் கம்ப்ரசர் மோட்டார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது போட்ட சத்தத்தால் வந்ததுதான் எல்லாம்.

சித்திரை வெயில். ஏழு மணிக்கே தரை சுட்டது. தொட்டியில் விழுகிற தண்ணீரிலிருந்து இரும்பு வாசனை வந்தது.

எங்கள் ஊர் ஆந்திராவில், குடிபாலாவுக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு தெரு. ஒரு தெருவில் தெலுங்கு, ஒரு தெருவில் தமிழ். வாய் மட்டும் எல்லோருக்கும் கலப்பு. பாதி வாக்கியத்தில் பாஷை மாறும். யாரும் கவனிப்பதில்லை.

அந்த வருஷம் ஊர்ப் போர்க்கிணறு வற்றிவிட்டது. டேங்கர் வாரம் இரண்டு நாள் வரும். வராமலும் போகும். என் நிலத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை நம்பி முக்கால் ஏக்கர் தக்காளி வைத்திருந்தேன். பூ விட்டுப் பிஞ்சு பிடித்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் தண்ணீர் போனால் இருநூறு கிரேட் பழத்துக்குக் குறையாது. அது வந்தால் என் பெண் ரூத்தின் கடைசி வருஷப் படிப்பு நடக்கும். திருப்பதியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

லட்சம்மா குடத்தை இறக்கிவைத்து, "பிந்தெகு எந்தன்னா?" என்றாள். குடத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறாள். பக்கத்து ஊரில் ஒருவர் குடத்துக்குக் காசு வாங்குகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

நான் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

"ஊரிகே தீஸ்கோம்மா."

தெலுங்கில் ஊரிகே என்றால் சும்மா. காசில்லாமல். சும்மா எடுத்துக்கொள் அம்மா என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

ஜெயாவின் காதில் அது தமிழாக விழுந்தது. ஊருக்கே.

மறுநாள்

மறுநாள் காலை கேட்டைத் திறந்தேன். குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, நீலம், பித்தளை, பெயிண்ட் டப்பா. தெருவே வந்திருந்தது. இரண்டு தெருவும்.

முன்னால் நின்றவர் டீக்கடை கோபால். கையில் இரண்டு இருபது லிட்டர் கேன்.

"இன்னா சாமேலண்ணா, ஊருக்கே தண்ணி தரேன்னு சொல்லிட்டியாமே. டீக்கடையும் ஊர்ல சேத்திதானே?"

என் பெயர் சாமுவேல். ஊரில் சாமேலு.

எஸ்தர் என்னைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள்.

"ரூத்து நைனா, நீ இன்னா சொன்ன?"

"ஊரிகேன்னு சொன்னேன்."

"அவங்க இன்னான்னு கேட்டாங்க?"

"ஊருக்கே."

அவள் வரிசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போயி சொல்லு. ஒரு எழுத்து மாறிப்போச்சுன்னு."

நான் போனேன். வாயைத் திறந்தேன். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பினார். நான் மோட்டார் பட்டனை அழுத்திவிட்டேன்.

இதைத் தர்மம் என்று நினைத்துச் செய்யவில்லை. வெட்கத்தில் செய்தேன். அத்தனை பேரையும் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் கேட்டேன்.

"பாஸ்டர், வெக்கத்துல குடுத்தா அது கொடையில சேருமா?"

"கொடம் நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது."

"அப்பறம் இன்னா. போ."

தண்ணீர் வந்த விதம்

இந்தப் போர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அது என்னால் வந்தது இல்லை.

அதற்கு முன் மூன்று போர் போட்டேன். மூன்றிலும் புகைதான் வந்தது. மூன்றாவது பொய்த்தபோது நிலத்தில் வேர்க்கடலை காய் பிடித்திருந்தது. ஒரே ஒரு தண்ணீர் விட்டால் பிழைக்கும்.

பக்கத்து நிலம் முனிரத்தினத்துடையது. அவர் போரில் அப்போது நல்ல தண்ணீர். போய்க் கேட்டேன்.

"மோட்டாரு காயில் போயிடுச்சுப்பா," என்றார்.

அவர் அதைச் சொல்லும்போது பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம். நான் திரும்பி வந்தேன். கடலை காய்ந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

நான்காவது போருக்குச் சேலம் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. முந்நூறு அடிக்குத்தான் என்னிடம் பணம். முந்நூறில் ஈரம்கூட இல்லை. குழாய்களைக் கழற்றச் சொன்னேன்.

வண்டி மேஸ்திரி மண்ணைக் கையில் எடுத்து விரலால் தேய்த்தார். முகம் முழுக்கக் கல்தூள். நெற்றியில் மட்டும் விபூதி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் எறக்கிப் பாக்கறேன்," என்றார்.

"குடுக்க எங்கிட்ட இல்லீங்க."

"நான் கேக்கலியே."

நானூற்றி இருபதில் தண்ணீர் வந்தது. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார். எஸ்தர் போட்ட உப்புமாவைத் தின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். மறு வருஷம் அந்த வண்டியைத் தேடினேன். விற்றுவிட்டார்களாம்.

கைம்மாறு பார்க்காமல் கொடு என்று சர்ச்சில் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். கேட்டது சர்ச்சில். பார்த்தது அந்த விபூதிக்காரரிடம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் எப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்கு ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் ஒரு பரங்கிக்காயை நான் ஏலத்தில் எடுத்தேன். சந்தையில் விற்பதைப்போல் பத்து மடங்கு. எடுத்துவிட்டு யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரங்கிக்காய் நாலு நாள் குழம்பு.

வணக்கத்தில் வசூல்

காலையில் இரண்டு மணி நேரம் ஊருக்கு. மற்ற நேரம் செடிக்கு. இப்படிப் போனது.

நான் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வருவார்கள். "அண்ணா," "மாமா," "நமஸ்காரம்." ஒருத்தி முருங்கைக்காய் கொண்டுவந்தாள். ஒருத்தர் மோர். நான் வேண்டாம் என்பேன். வேண்டாம் என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ்த் தெருவில் ஒரு கொத்தனார். ஒரு நாள் பேசாமல் வந்து, பேசாமல் பிடித்துக்கொண்டு, பேசாமல் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு அது உறுத்தியது. செடிக்கு மருந்தடிக்கும்போதும் அதே நினைப்பு. ராத்திரி சோற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தக் கொத்தனாரு திமிரப் பாத்தியா."

எஸ்தர் ரசம் ஊற்றினாள்.

"தண்ணி ஊரிகேன்னு சொன்ன. இப்ப வணக்கத்துல வசூல் பண்ணிகினு இருக்கிற."

நான் சாப்பிட்டேன்.

"அது மட்டும் இல்ல," என்றாள். "முனிரத்தினம் பொண்டாட்டி நம்ம கேட்டாண்ட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போவுது. மூணு நாளா பாக்கறேன். நீயும் பாக்கற."

பார்த்தேன். முனிரத்தினத்தின் போரும் அந்த வருஷம் வற்றிவிட்டது. காலையில் அவர் டி.வி.எஸ்ஸில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போவார். என் கேட்டைத் தாண்டும்போது நேராகப் பார்ப்பார். கேன் காலியாக இருந்தால் சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. எழுதுவதற்கு நன்றாக இல்லை. ஆனால் அதுதான் உண்மை.

கேட்டைத் தாண்டி என் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதால்தான் அந்த அம்மா உள்ளே வரவில்லை. எனக்குத் தெரியும். நான் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்ததே அதற்காகத்தான் என்றும் அன்று தெரிந்தது.

ஒரு அடி வரப்பு

குழாயை ரோட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். தொட்டியிலிருந்து ரோடு இறக்கம். பைப் போட்டால் தானாகத் தண்ணீர் போகும். யாரும் யாரையும் பார்க்காமல் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஒரு சிக்கல். என் நிலம் உள்ளே; கேட்டுக்கு வருகிற பாதை மேடு. ரோட்டுக்கும் எனக்கும் நடுவில் முனிரத்தினத்தின் வரப்பு. பைப் அதில்தான் போக வேண்டும்.

கொடுக்கப் போகிறவன் முதலில் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போனேன். முனிரத்தினம் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குமாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒன் வரப்புல ஒரு அடி வேணும்," என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"எதுக்கு?"

"பைப்பு போட. ரோட்டாண்ட ஒரு கொழா வெக்கறேன். ஊருக்கு."

"உள்ள வந்து புடிச்சிகினு போறாங்களே. அப்பறம் இன்னா?"

"வராதவங்க இருக்காங்க."

சாணிக் கூடையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"நீ அன்னிக்குக் கேட்டப்ப மோட்டாரு ஓடிகினு இருந்துச்சு," என்றார்.

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

கொட்டகையில் ஈ பறந்தது. மாடு வாலை அடித்தது.

"வரப்புக்கு இன்னா குடுப்ப?" என்றார்.

நான் தயாராக வரவில்லை. பாக்கெட்டில் நூறு ரூபாய்கூட இல்லை.

"ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்தமாதிரி இருந்தது.

"நீ மட்டும் ஊருக்குக் குடுப்ப. நாங்க குடுத்தா காசு குடுத்துத்தான் வாங்குவியோன்னு கேட்டேன். போட்டுக்கோ. வரப்ப ஒடைக்காம போடு."

அன்று சாயந்திரமே பைப் போட்டோம். நான், கோபால், அந்தப் பேசாத கொத்தனார். கொத்தனார்தான் வந்து கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கினார். அன்றும் பேசவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று கோபால் பிறகு சொன்னார்.

மறுநாள் விடிந்தபோது ரோட்டுக் குழாயில் முதல் குடம் குமாரி வைத்தது. நான் பார்க்கவில்லை. எஸ்தர் சொன்னாள்.

முனிரத்தினமும் நானும் இன்றும் அதிகம் பேசுவதில்லை. எதிரில் பார்த்தால் தலையாட்டுவோம்.

பத்தவில்லை

வைகாசி பிறந்தது. மழை இல்லை. போர் தண்ணீர் குறைந்தது. கம்ப்ரசர் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாகத் துப்ப ஆரம்பித்தது. நாலு மணி நேரம் ஓடியது இரண்டு மணி நேரமானது. பிறகு ஒரு மணி.

ஒரு மணி நேரத் தண்ணீர். தொட்டி முக்கால்தான் நிறையும். குடங்களுக்கு விட்டால் செடிக்கு இல்லை. செடிக்கு விட்டால் குடங்களுக்கு இல்லை.

கோபாலும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். டீக்கடைக்காரர்தான் பேசினார்.

"அண்ணா, செடி வாடுது. எங்களுக்குக் கண்ணு இல்லியா. வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணிக் குடுத்துடறோம். நீ ஊரிகேன்னுதான் சொன்னியாம். ஜெயா தப்பா கேட்டுச்சாம். லட்சம்மா சொல்லிச்சு."

"எப்ப சொன்னா?"

"ரெண்டாவது நாளே."

இத்தனை நாளாக ஊருக்கே தெரியும். தெரிந்தும் வந்து பிடித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு என்ன செய்வார்கள், தாகம்.

"வசூல் வேணாம்," என்றேன்.

அவர்கள் போன பிறகு எஸ்தர் கேட்டாள்.

"குடுக்கறது உன் இஷ்டம். சரி. வாங்காம இருக்கறதும் உன் இஷ்டமா? ரூத்து படிப்பு உன்னுதா?"

"வசூல்னு வந்தா லட்சம்மா வராது. அதுகிட்ட காசு இல்ல."

"லட்சம்மாவுக்கு மட்டும் விட்டுடு."

"அப்பறம் அது கொழாயாண்ட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போகும்."

எஸ்தர் எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். நான் கொடுத்த தண்ணீரில் பாதி ரூத்துடையது. அதை நான் அவளைக் கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் கேட்டேன். போன் போட்டேன். அவள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கண்டக்டர்கள் மலைக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம்.

"செடி எப்படி இருக்குது நைனா?"

"தண்ணி ரெண்டுக்கும் பத்தல."

ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"கொடத்துக்கே வுடு," என்றாள்.

"ஒன் படிப்பு..."

"நான் இன்னா சொல்ல முடியும் நைனா? செடிக்கு வுடுன்னா சொல்ல முடியும்? ஸ்ரீசிட்டியில செல்போன் கம்பெனில ஆள் எடுக்கறாங்க. ஒரு வருஷம் போறேன். அப்பறம் பாக்கலாம்."

"சரிம்மா."

"ஆனா ஒண்ணு. ரூத்து சந்தோஷமா விட்டுக் குடுத்துச்சுன்னு சர்ச்சுல எழுந்து சாட்சி சொல்லாத. எனக்கு சந்தோஷம் இல்ல."

எங்கள் சர்ச்சில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். எல்லாச் சாட்சியும் சந்தோஷத்தில்தான் முடியும். நான் சொல்லவில்லை. இங்கே எழுதலாமா என்று போன வாரம் அவளைக் கேட்டேன். "சந்தோஷம் இல்லன்னு சேத்து எழுது," என்றாள். சேர்த்துவிட்டேன்.

அவள் ஒரு வருஷம் என்று போனாள். இரண்டு வருஷமானது. இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போட்டோ அனுப்பினால் பார்ப்பாள். எங்களுக்குக் காட்ட மாட்டாள்.

கொடுத்தால் மனசு நிறையும் என்று சொல்கிறார்கள். எனக்குச் சில நாள் நிறைந்தது. சில நாள் செடியைப் பார்க்கவே போகவில்லை. நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் காலையில் மோட்டார் போட வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பறிப்பு

ஆனி கடைசியில் மழை வந்தது. ஊர்ப் போரில் தண்ணீர் ஏறியது. ரோட்டுக் குழாய்க்கு ஆள் குறைந்தது. பிறகு நின்றது.

கிழக்கு ஓரம் நாலு சால் செடி மட்டும் தப்பியிருந்தது. தொட்டியின் கசிவு அந்தப் பக்கம் போனதால். மற்றதெல்லாம் கையில் எடுத்தால் நொறுங்கியது.

ஒரே நாளில் பறித்துவிட்டோம். எஸ்தரும் நானும். அன்று லீவில் வந்திருந்த ரூத்தும். அவள் கம்பெனிச் சட்டையோடு பறித்தாள். இலை வாசனை கையில் ஒட்டியது. பழம் சின்னது. நிறம் மட்டும் நன்றாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பலமனேர் மண்டிக்குப் போகிற வண்டி ரோட்டில் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். புது ஆள். கிரேட் அடுக்கியிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார்.

"மிகிலிந்தி எக்கடன்னா?" மீதி எங்கே என்று கேட்டார்.

"இவ்வளவுதான்."

"முக்கால் ஏக்கர்னு சொன்னாங்களே?"

"ஆமா."

நானும் அவரும் தூக்கி ஏற்றினோம். ரூத் கடைசிக் கிரேட்டைத் தூக்கிவந்து கொடுத்தாள். டிரைவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார்.

பதினேழு.